பன்னிரண்டு கம்பியும் மடங்காத விரலும்

சேலம் ஜங்ஷனில் வண்டி நகரத் தொடங்கிவிட்ட பதற்றத்தில் பெட்டிக் கதவை அறைந்து சாத்தியது நான்தான். என் மகளின் வலது ஆள்காட்டி விரல் இடுக்கில் இருந்தது.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஆறு வருஷம் வீணை படித்தவள். விரல் பிழைத்தது, ஆனால் மடங்கவில்லை. தந்தியில் வைத்தால் கட்டை போல வழுக்கியது. வீணைக்கு உறை போட்டுவிட்டாள்.

ரயில்வே குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, இருந்தார். அவர் மனைவியிடம் ஒரு கிதார் உண்டு. இரண்டிரண்டாக, ஆறு ஜோடியாகப் பன்னிரண்டு கம்பி. "கட்டை விரலும் நடு விரலும் போதும், வா" என்று அந்த அம்மாள்தான் கூப்பிட்டாள்.

இவள் அங்கே போய்த் தரையில் சம்மணம் போட்டு, கிதாரை வீணை மாதிரி மடியில் கிடத்தினாள்.

"ஏம்மா, கொழந்தையா அது, தூங்கப் போட?" அந்த அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிடிப்பைத் திருத்த முடிந்தது. மீட்டும் விதத்தைத் திருத்த முடியவில்லை. கிதாருக்கு விரல் கம்பியை உள்ளங்கைப் பக்கம் மேலே இழுக்க வேண்டும். வீணைக் கையோ கீழே தட்டும். அப்படித் தட்டினால் ஜோடியில் மெல்லிய கம்பி முந்திக்கொண்டு பேசும், தடித்தது பின்னால் வரும். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு அந்த அம்மாள், "இருக்கட்டும் விடுங்க, கேக்க நல்லாத்தானே இருக்கு" என்று கிதாரை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள்.

ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கியபடியே நின்றது. அது இன்னும் வலிக்கிறதோ என்று எனக்குப் பயம். தினமும் கேட்பேன்: "வலிக்குதா சாமி?"

"இல்லீங்கப்பா."

ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள். "நீங்க கேக்கறதுதானுங்கப்பா வலிக்குது. இது மடங்காதுன்னு நானே ஒத்துக்கிட்டேன். நீங்க எப்பங்க ஒத்துக்குவீங்க? இங்க பாருங்க."

அந்த விரலைத் தடித்த ஜோடியின் மேல் இறக்கினாள். மற்ற விரல்கள் முன்பின்னாகத் தொடும் இடத்தில், வளையாத அந்த விரல் இரண்டு கம்பியையும் ஒரே அடியில் பிடித்தது. ஒற்றைத் தந்தியில் வழுக்கிய அதே விரல். முழங்கியது. கட்டை விரலால் அடியில் சுருதி ஓடவிட்டு, மோகனத்தில் நாலைந்து வரி வாசித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் சங்கீதம் கேட்டது. என் கையில் இருந்த காபி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

பயம் முழுக்க விட்டுப் போய்விடவில்லை. ஆனாலும் மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், வாயில் வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு என்ன வாசிச்சே?" என்று கேட்டேன்.