பதினான்கு காப்புக்கட்டு

இலையின் அடியில் மூச்சுத் துளைகள் உண்டு, காற்றில் கரியமிலவாயு கூடினால் துளிர்க்கும் இலைகளில் அவை குறையும், மண்ணில் புதைந்த இலைகளின் துளைகளை எண்ணித்தான் மனிதர் பிறக்குமுன் இருந்த காற்றைக் கணக்கிடுகிறார்கள் என்று அறிவியல் டீச்சர் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு எங்கள் வீட்டுக் கூரை ஞாபகம் வந்துவிட்டது. ஏழாம் வகுப்பு. அதற்குப் பின் மணியடிக்கும்வரை உட்கார முடியவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரை விளிம்பில் செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். காப்புக்கட்டு, வீட்டாருக்கு அந்த வருஷம் கெட்டது அண்டாமல் இருக்க. மற்ற வீடுகளில் பழையதை எடுத்துப் போடுவார்கள். அம்மா எடுக்க மாட்டாள், பழையதன் பக்கத்திலேயே புதியதைச் செருகுவாள். சோம்பேறி என்று அத்தை கேலி செய்வாள். எனக்கோ அவற்றில் சில என்னைவிட வயதில் மூத்த இலைகள், அதுவும் வரிசையாக.

சனிக்கிழமை அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் பதினான்கு கட்டையும் இறக்கினேன். அக்காவின் நகச்சாயத்தை இலையடியில் தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்தால் துளைகளின் அச்சு வந்துவிடும், டீச்சரின் மைக்ராஸ்கோப்பில் எண்ணிவிடலாம். பதினான்கு வருஷத்தில் காற்று அப்படி என்ன மாறியிருக்கும் என்று கேட்க ஆளில்லை. தடவுகிற அவசரத்தில் வரிசை கலைந்தது. எது எந்த வருஷம்? எல்லாம் ஒரே பழுப்பு.

வேலை விட்டு அம்மா வந்து நின்றாள். முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அடி விழவில்லை.

"எதுக்குட்டி எறக்குன?"

பழைய காற்றைக் கண்டுபிடிக்கப் போவதாகவும், வருஷம்தான் தெரியவில்லை என்றும் சொன்னேன். குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டும் அவளுடைய ஏதோவொரு சேலையின் கிழிந்த கரையால் கட்டப்பட்டிருந்தது.

"மஞ்சக்கரை, ஒங்கப்பா வெடி ஆபீசுல சேந்த வருசம். பச்சை, நீ பொறந்தது. இது அவுக கை வெந்து ஆஸ்பத்திரியில கெடந்து வந்த வருசம்."

அங்கேயே நிறுத்திவிட்டாள். "சீக்கிரம் சொல்லும்மா" என்று அவசரப்படுத்தி, வருஷங்களை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"கட்டுக்கு ஒரு எல எடுத்துக்கோ. மிச்சத்த அவுக வாரதுக்குள்ள ஏத்திரணும்."

அவளே ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அது ஆடிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டைச் செருகியவள் கையைக்கூடக் கழுவாமல் தெருவுக்குப் போய், பட்டாசு ஆலை இருக்கும் வெம்பக்கோட்டை ரோட்டைப் பார்த்தபடி நின்றாள், அப்பாவின் சைக்கிள் திரும்பும்வரை. அப்பா திட்டுவார் என்று பயப்படுகிறாள் போல, என்று நினைத்தேன். அப்பா எங்களை ஒருநாளும் திட்டியதில்லை என்பது அப்போது ஏனோ தோன்றவில்லை.

என் அவசரம் வேறாக இருந்தது. நோட்டில் பதினைந்தாவது வரியைக் காலியாக விட்டிருந்தேன். அடுத்த பொங்கலுக்கு அம்மா கட்டி முடித்ததும், காயவிடாமல், பச்சையாகவே ஓர் இலையை உருவிவிட வேண்டும்.