இறந்தவருக்கு முதல் துண்டு

எண்ணெய்த்தாளில் சுற்றிய மோதிரத்துக்குக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, மாவுக்குள் போய்விடும். அடுத்து ஒரு கந்தல், ஒரு குச்சி, ஒரு பட்டாணி. பிராக் என்ற இந்தப் பழரொட்டியில் மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம். கந்தலுக்கு வறுமை. குச்சி வந்தால் கல்யாணமும் உண்டு, அடிதடியும் உண்டு. பட்டாணிக்கு இரண்டுமே இல்லை. அக்டோபர் கடைசி வாரம் ஆத்பாய் ஊரின் எதிர்காலத்தை ரொட்டிக்கடை டிம்ப்னா கில்செனன் இப்படித்தான் அடுப்பில் ஏற்றுகிறார்.

"விதியாவது ஒண்ணாவது. மோதிரம் எங்க இருக்கோ அதுக்கு நேர் மேல ஒரு திராட்சைய ஒட்டிடுவேன். எந்த வீட்ல யாரு எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா நிருபரே? தபால்காரிக்கு மாப்பிள்ளை அமைஞ்சது சாமியாலன்னா நினைச்சீங்க?"

வயது அறுபத்தொன்று. புருவத்தில் எப்போதும் மாவு. வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் பொட்டலம் கட்டிவிடுவார். பிடிக்காதவருக்குப் பேச ஆரம்பிக்கும் முன்பே.

பூசணிக்காய் வடிவத்தில் கேக் கேட்ட சுற்றுலாக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது இது: "பூசணியெல்லாம் எங்காளுங்க கப்பலேறி அமெரிக்கா போன பிறகு வந்த பழக்கம். குடையறதுக்கு மெத்துனு இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டாங்க சோம்பேறிங்க. இங்க டர்னிப் கிழங்குதான்யா. குடைஞ்சா மணிக்கட்டு கழண்டுடும். ஆனா அதுல செதுக்கின மூஞ்சியப் பார்த்தா பேய் நம்ம தெருப்பக்கமே வராது."

அவர் கணக்கில் அக்டோபர் கடைசி நாள் ஹாலோவீன் அல்ல, சவின். இந்த மண்ணின் பழங்குடிகளான கெல்டியருக்கு அன்றோடு வருஷம் முடிந்தது. அறுவடை ஓய்ந்து, மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும். வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, ஊருக்கு வெளியே குன்றில் மூட்டிய பெருநெருப்பிலிருந்து புது நெருப்பு கொண்டுவருவார்கள். செத்தவர்கள் வீடு திரும்புவார்கள். கூடவே வேண்டாததும் வரும், அதை ஏய்க்கத்தான் வேஷம். பிறகு பாதிரிமார் வந்து புனிதர்கள் பெயரை வைத்தார்கள். "போர்டை மாத்தினாங்க, கடை அதேதான்" என்று டிம்ப்னா முடித்துவிடுவார்.

அவர் வீட்டுக்குத் திரும்பி வருபவர் கணவர் ஃபின்டன். செத்து எட்டு வருஷம். ஒவ்வொரு சவினுக்கும் அவருடைய நாற்காலி, அவருடைய தட்டு, முதல் துண்டு ரொட்டி, பிறகு ஒரு வருஷத்துத் திட்டு. "கூரை ஒழுகுதுய்யா. நீ கட்டின லட்சணம்." அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. டிராக்டர் மெக்கானிக் மலாக்கி மூன்று வருஷமாக அந்த மேஜைக்கு வருகிறார், முக்காலிதான்.

வசந்தத்தில் மலாக்கி கல்யாணம் கேட்டார். "அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். சவின் வரட்டும்" என்று டிம்ப்னா தள்ளிப்போட்டார். மலாக்கியும் கெடு வைத்துவிட்டார். கார்க் நகரத்தில் அவர் மகள் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். சவினன்று சரி சொல்லாவிட்டால் மறுநாள் காலை அங்கே பஸ்.

இந்த வருஷம் என்னையும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். மாலை ஐந்து மணி. மலாக்கி இஸ்திரி போட்ட சட்டையில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பிராக்ல மோதிரம் எனக்கு வந்தா சரிங்கிறேன்னு சொல்லேன் டிம்ப்னா."

"சும்மா இருய்யா. முதல் துண்டு அவருக்கு."

ரொட்டியை அரைச்சுற்று திருப்பி வைத்து வெட்டினார். வெண்ணெய் தடவினார். ஃபின்டனின் தட்டில் விழுந்த துண்டிலிருந்து எண்ணெய்த்தாள் எட்டிப் பார்த்தது.

மலாக்கியின் முகம் செத்துவிட்டது. "அவருக்கே விழுந்துடுச்சே. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

டிம்ப்னா காலி நாற்காலியைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "அடப்பாவி. அங்க போயும் ஒருத்தியப் பிடிச்சுட்டியா? ஒரு வருஷத்துக்குள்ள கல்யாணமாம். நல்லா இரு, போ. அவளாவது உன் குறட்டையக் கேக்கட்டும்."

அந்தத் துண்டின் மேல் ஒரு திராட்சை ஒட்டியிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். அதைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஃபின்டனின் நாற்காலியைக் காலால் மலாக்கி பக்கம் தள்ளினார்.