தர்க்கு

ஆட்ரி லார்வுட் கம்பளி நூல் நூற்பவள். நார்விச்சில் எங்கள் சந்தின் கடைசி வீடு அவளுடையது. பொறுமைசாலி என்று அவளை யாரும் சொன்னதில்லை. ஏழு வருஷம் ஹாலந்தில் அலைந்துவிட்டு நான் திரும்பி வந்த மாதம், அவள் புருஷன் ஓஸியஸின் நெற்றியில் தறிக்கட்டை விழுந்தது. வலக்கண் வீங்கியது. பிறகு பார்வை மங்கத் தொடங்கியது. கண் போனால் மெல்லிய நெசவும் போகும்.

டாக்டர் கார்டல் பெரிய படிப்பாளி. எங்கள் நார்ஃபோக் வட்டாரப் பேச்சென்றால் அவருக்கு உயிர். கேட்கிற சொல்லையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். அவரிடம் ஆட்ரியோடு நானும் போயிருந்தேன்.

"ஐயா, எம் புருஷன் கண்ணு தர்க்கா இருக்குது. வந்து பாருங்க."

"தர்க்கா? இருட்டுன்னா சொல்றே? இன்னொரு தரம் சொல்லும்மா."

"தர்க்கு. எத்தன தரம்யா சொல்றது?"

எழுதிக்கொண்டே அவர் சிரித்தார். "இது டென்மார்க்குலேருந்து வந்த டேனியக்காரங்க கொண்டுவந்ததா இருக்கணும். எண்ணூறு வருஷமா இங்கேயே கிடக்குது." பக்கத்தைத் திருப்பி மேலும் எழுதினார். வருவதாகச் சொல்லவில்லை.

வீடு திரும்பி ஆட்ரி சந்து முழுக்கச் சொன்னாள், இது டேனியக்காரன் கொண்டாந்த நோவாம் என்று.

"உன் புருஷனுக்கு அவன்கிட்டேருந்து எப்படி ஒட்டிக்கிச்சு? யார்மத் துறைமுகத்தைத் தாண்டினதே இல்லியே" என்றாள் எதிர்வீட்டு ஃபெய்த்.

அவர் சொன்னது நோயையல்ல, சொல்லைத்தான் என்று நான் விளக்கினேன். ஆட்ரி என்னை முறைத்தாள். "வார்த்தைக்கு வயசு பாத்தாரா? கண்ணப் பாக்க எந்த ஊர் வைத்தியருகிட்டப் போறது?"

எங்கள் கைக்கு எட்டுகிற வேறு வைத்தியர் இல்லை. அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு முறை போனாள். ஒருமுறை வீக்கத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் அவள் வாயில் வந்தது, மறுமுறை அவனுக்கு வலிக்கத் தொடங்கிய கழுத்து நரம்புக்கு. இரண்டையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். நான்காம் முறை, தேவாலயத்தில் பாதிரியார் பேசுவதைப் போல ஒவ்வொரு சொல்லாக உச்சரித்தாள்:

"மதிப்பிற்குரிய மருத்துவரே, என் கணவரின் வலக்கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. தயைகூர்ந்து வந்து பாருங்கள்."

எழுத ஒன்றுமில்லாமல் பேனாவைக் கீழே வைத்தார். ஏமாற்றத்தோடு தொப்பியை எடுத்தார்.

ஓஸியஸின் இமையைத் தூக்கிப் பார்த்தார். "மூணு வாரம் முன்னாடியே என்னைக் கூப்பிட்டிருக்கணும்மா. இந்தக் கண்ணுல இனி செய்ய ஒண்ணுமில்ல."

"கூப்பிட்டேன்யா. நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க."

அவர் முகம் சிவந்தது. ஏதோ களிம்பு தருவதாகச் சொன்னார். கதவைத் திறந்து பிடித்தபடி அவள் நின்றாள்.

ஓஸியஸ் ஒற்றைக் கண்ணோடு தறியில் உட்காருகிறான். மெல்லிய இழைகளை அவள்தான் கோத்துத் தருகிறாள். அவளுடைய ராட்டினம் பாதி நாள் சும்மா நிற்கிறது.