இஞ்சி பீருக்கு நுரை வந்ததா?

கொஞ்ச நாட்களாக என் போனில் ஒரே கேள்விதான்.

"ஜெஸி, நுரை வந்துச்சா?"

கேட்பவர் என் கணவர் அமல்ராஜ். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். காலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினால் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கோட்டை என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். நடுவில் வண்டி எங்கே நின்றாலும் போன். சாப்பிட்டாயா என்றுகூட இல்லை, நேராக நுரைதான்!

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு சின்ன ஓட்டல். அங்கே சமையல்காரர் வேலு, இவருக்கு நண்பர். ஒரு நாள் டம்ளரை நீட்டி, "இஞ்சி பீரு. பயப்படாத அண்ணாத்த, பேருதான் பீரு. சோடா மாதிரிதான் இருக்கும்" என்றிருக்கிறார். இவர் வாங்கவில்லை. "எப்படிப் பண்றதுன்னு மட்டும் சொல்லு. வூட்ல போட்டு ஜெஸியோட சேந்து குடிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அமல் குடியை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. விட்டார் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன்... அது ஒரு வார்த்தைக்குள் அடங்குகிற விஷயமா? கவுன்சிலிங், மாத்திரை, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை — எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவர் ஒரு கண்ணாடி ஜாடியில் துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சமையலறை மேடையில் வைத்தார். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்க்க வேண்டும். சில நாளில் முட்டை முட்டையாக நுரை கிளம்பும் என்று வேலு சொல்லியிருந்தார்.

கிளம்பவில்லை. வெளியே அடை மழை. ஜாடி சில்லென்று அசையாமல் கிடந்தது. இவர் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். "இன்னா இது, கம்முனு கீது?"

எனக்கு வேறு கவலை. நெட்டில் தேடிப் பார்த்திருந்தேன். நுரை வந்தால் கூடவே ஆல்கஹாலும் வருமாம். கொஞ்சம்தான். ஆனால் 'கொஞ்சம்' என்ற வார்த்தையே உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறாரே!

நுரை வரவில்லையே என்று அவருக்குப் பயம். வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஜாடிக்கு இரண்டு ஜெபம்... கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிச் சொல்வது? குடியை விட்டதிலிருந்து சாயங்காலம் ஆனால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. எதையோ தொலைத்தவர் மாதிரி ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். இப்போதுதான் நடை நின்றிருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஜாடி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் போய், இதையும் விடுங்கள் என்றா சொல்வது?

ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்: "செத்துப்போச்சு போல ஜெஸி. நான் தொட்டா எதுதான் விளங்கியிருக்கு?"

அவ்வளவுதான். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் ஜாடிக்கு ஒரு டவலைச் சுற்றி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைத்தேன். "இந்தக் குளிர்ல அது எப்டிங்க பொங்கும்?" என்றேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவளும் நான்தான், டவல் சுற்றியவளும் நான்தான்!

மறுநாள் மத்தியானம் டவலை விலக்கினால், கீழேயிருந்து பொடிப்பொடியாய்க் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை நானே போன் செய்தேன்.

"வந்துடுச்சுங்க."

"வண்டில கெஸ்ட் கீறாங்க... அப்பறம் பேசறேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

வடிகட்டி, இனிப்பும் எலுமிச்சையும் சேர்த்து, காலி பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் ஊற்றினார். கேஸ் ஏறிவிட்டதா என்று தினமும் பாட்டிலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி ஆயிடுச்சு ஜெஸி!" என்று ஃபிரிட்ஜில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, பிரியாணி சாப்பிட்டு, மேஜைமேல் இரண்டு கிளாஸ். பாட்டில் மூடியில் கையை வைத்தவர் திருகவில்லை.

"இதுல கொஞ்சம் இருக்கும் ஜெஸி. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்கு?"

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கூடவே கூடாதுன்ட்டாரு."

"எப்போ கேட்டீங்க?"

"நுரை வர்றதுக்கு முன்னாடியே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப எதுக்குங்க இவ்ளோ பாடு?"

பாட்டிலை உருட்டிக்கொண்டே யோசித்தார். "வூட்டுக்கு வந்தா பாக்கறதுக்கு ஒண்ணு இருந்துச்சு இல்ல? நான் போட்டது ஒண்ணு உயிரோட வந்துடாதான்னு இருந்துச்சு. குடிக்கறதுக்கு இல்ல ஜெஸி."

குடிக்கிறவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கத்தான் எல்லோரும் வருகிறோம். அந்தப் பாட்டில் இருந்த சாயங்காலத்தில் எதை வைப்பது என்று யாராவது யோசிக்கிறோமா? அதற்கு டாக்டர் சீட்டில் மாத்திரை எழுத முடியாது. நானும் யோசித்ததில்லை. அவரேதான் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

திங்கட்கிழமை பாட்டில்களைப் பையில் போட்டு வேலுவிடம் எடுத்துப் போனார். மத்தியானம் போன்.

"வேலு குடிச்சுட்டு இன்னா சொன்னான் தெரியுமா? 'மொத தடவையே செமயா வந்துகீது அண்ணாத்த, கெஸ்டுக்கே குடுக்கலாம்'ன்றான்!"

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. 'நீங்க?' என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சாயங்காலம் வரும்போது இஞ்சி வாங்கிட்டு வாங்க, டீக்குப் போட இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

பல வருடப் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மூக்கு வாடை பிடிக்க வாசலுக்குப் போய்விடும். அன்று போகவில்லை.

சளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.