கழன்று போன செருப்பு

போன வருடம் சித்திரை மாதம், உச்சி வெயில் நேரம். அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் பந்தல்குடி பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. நடையில் மட்டும் இளவட்டம் என்ற நினைப்பு.

"ஐயா, நில்லுங்க! ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போறீகளே!"

முன்பின் தெரியாத ஒரு பெண் என் இடது செருப்போடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தேன். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நிற்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"சுடவே இல்லையா?" என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் காலில் ஊற்றினார். அவர் ஏற வேண்டிய ரெட்டியபட்டி பஸ் கண்ணெதிரே போனது. "அடுத்த பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றவர், ஆட்டோ பிடித்து டாக்டரிடம் சேர்த்து, என் மனைவி வந்த பிறகுதான் கிளம்பினார்.

அதற்கு முன்பே மாதக்கணக்கில் கால் மரத்துத்தான் இருந்தது. சர்க்கரை வந்தால் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையே எடுத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு நடுங்கிப்போனேன்.

என்னென்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்றேன்.

"கேஸ் மாத்திரையச் சொல்லலையே? வருசக்கணக்கா கடலை மிட்டாய் மாதிரி இவுகளா வாங்கி முழுங்குறாக" என்று மனைவி போட்டுடைத்தாள். அதையும் மருந்தென்று நான் நினைத்ததே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. அது குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகுமாம். சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். கேஸ் மாத்திரையும் சேர்ந்து அதைத் தடுத்திருக்கிறது. போதாததற்கு, அந்தச் சத்து நிறைய இருக்கிற கறி, முட்டையை நாங்கள் தொடாதவர்கள். டாக்டர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டார். "உணர்ச்சி முழுசாத் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார்.

புண் ஆறியது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. தை மாதம் ஒருநாள் தோட்டத்துப் பக்கம் போனபோது, கருவேல முள் செருப்பைத் துளைத்து இடது காலில் ஏறியது. "ஆத்தாடி!" என்று அலறிவிட்டேன். மனைவி பதறி ஓடிவந்து பார்த்தால், நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். விஷயம் புரிந்ததும் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவள் அழுதாள்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கால் எங்கே இடறி வலித்தாலும், பஸ்ஸை விட்டுவிட்டு என் செருப்போடு ஓடி வந்த அவரைத்தான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.