பூஜைக்காகப் பிடுங்கிய ஒயர்

ஜமுனாமரத்தூரில் எங்களுக்கு ஒரு சின்ன போட்டோ கடை. படம் எடுப்பது நான், கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் மனைவி. நான் எட்டாவதோடு நின்றவன். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். மாதத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரே பெரிய ஃபைலாக்கி, கைக்கு அடக்கமான ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைப்பாள். அந்த ஃபைலுக்கு இமேஜ் என்று பேர்.

ஆயுத பூஜை அன்று காலையில் அந்த வேலையை ஓடவிட்டு, பொங்கல் வைக்க வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கடையைக் கழுவி, கேமரா, ஸ்டாண்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ராகு காலம் நெருங்கிவிட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் ஒயரோடு, சின்ன விளக்கு மினுமினுக்கக் கிடந்தது. நம் பிழைப்பே அதற்குள்தானே இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் படைப்பதா என்று தோன்றியது. ஒயரைப் பிடுங்கினேன். திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்தது, மூடிவிட்டேன். டிஸ்க்குக்குப் பொட்டு வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் கிடத்திக் கற்பூரம் காட்டினேன். மனசு நிறைந்துதான் இருந்தது.

கொஞ்ச நாளில், மழையும் இடியுமாக இருந்த ஒரு மத்தியானம், கரண்டு கூடிக் குறைந்ததில் கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் போய்விட்டது. வேலூருக்கு அனுப்பினோம். ஒன்றும் எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

"பேக்கப் இருக்குதுங்க, இன்னாத்துக்கு பயப்படுறீங்க?" என்றாள் மனைவி.

புது டிஸ்க் போட்டு இமேஜைத் திறந்தாள். திறக்கவில்லை. ஒயரை மாற்றினாள். வேறு பக்கம் சொருகிப் பார்த்தாள். சொருகுகிற வாயில் சந்தனம் காய்ந்திருந்ததைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு மொட்டை ஒண்ணுதான் நீங்க போடல" என்று சிரித்தாள். பிறகு அந்த ஃபைலை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வைத்தாள். ஆலங்காயத்தில் அவள் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை.

"போன மாசத்துது நல்லாத் தொறக்குது. இது சைஸே பாதிதான் இருக்குது. ஓடும்போது ஒயரைப் புடுங்கினீங்களா?"

"கரண்டு போயிருக்கும்" என்றேன். நம்பிவிட்டாள்.

போன மாத இமேஜிலும் வேறு எங்கும் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மேல் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் மகனுக்குக் காது குத்திய படங்கள். பட்டாளத்தில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருந்து, அவன் மடியில் உட்காரவைத்துக் குத்திய காது. ஆல்பம் இன்னும் போடவில்லை. கேமரா கார்டையும் நான் அழித்து, அதில் கல்யாணங்கள் எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி நின்றேன். திருநீறு பூசக் கை போகவில்லை. முருகனுக்கு முன்னால் பிடுங்கிவிட்டு, பழியைக் கரண்டு மேல் போட்டவன் நான். மனைவியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"முருகனா அவசரப்பட்டாரு?" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறாள். ஒன்று வீட்டில், ஈரம் படாத டப்பாவில். இன்னொன்று மலைக்குக் கீழே தங்கை வீட்டில். எடுத்து முடித்ததும் இமேஜைத் திறந்து நாலு படம் பார்த்த பிறகுதான் ஒயரைக் கழற்றுகிறாள். பூஜை அலமாரிப் பக்கம் எதையும் விடுவதில்லை.

சந்தைக்கு வந்த அந்தப் பெண் கடையில் எட்டிப் பார்த்து, "ஆல்பம் ரெடியாண்ணா?" என்றாள். உட்காரச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"சாமிக்குன்னுதானே வெச்சீங்க. வுடுங்கண்ணா."

"சாமி கேக்கலம்மா. நான்தான் புடுங்கினேன்."

"புள்ள அழுவுறதப் பாத்து எந்தம்பியும் அழுதுட்டான். எங்கம்மா நடக்க முடியாம வூட்டுலயே இருந்துச்சு. அதுக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

"போன்ல யாரும் எடுக்கலியாம்மா?"

"இல்லண்ணா. நீங்கதான் எடுக்கிறீங்களேன்னு உட்டுட்டோம்."