தொண்ணூற்றொன்பதில் நின்ற மாயவித்தை

சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் காக்கைகள் கரைவதில்லை. விசைத்தறிச் சத்தத்தில் கரைந்து பயனில்லை என்று மூன்று தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டு, இப்போதெல்லாம் தலையை ஆட்டித்தான் சோறு கேட்கின்றன. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில், தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தவன் சிவகணேஷ். பிறந்ததும் அவன் அழுதான் என்பதையே, வாய் திறந்திருந்ததை வைத்துத்தான் முடிவு செய்தார்கள் என்று அவன் அம்மா பகவதியிடம் நான் சொல்லிச் சொல்லி, இப்போது அவளும் அதை நடந்ததாகவே ஊராரிடம் சொல்கிறாள்.

ஆனால் அவன் பேச்சு குறைந்தவன் என்பது கட்டுக்கதை இல்லை. பத்தொன்பது வயதில் தறிக்குப் போனான். உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாம் கைச்சாடைதான். வெளியே வந்த பிறகும் அவன் வாய் திறக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். இருபத்தாறு வயதில் பாவு நூல் சுற்றிய பீம் உருளை ஒன்று நழுவி இடது பாதத்தில் விழுந்தது. மூன்று மாதம் கட்டு. மறுபடி வேலைக்குப் போனான்; கால்தான் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து தெருவில் சுவரோடு சுவராக நடப்பான். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் இவன் முதுகிலும் ஒரு பட்டை அடித்துவிட்டுப் போனார் என்று ஊரில் சொல்வார்கள். கிளப்பிவிட்டது யார் என்று கேட்காதீர்கள்.

கட்டுப் போட்டிருந்த அந்த மூன்று மாதத்தில்தான் விளையாட்டு வந்து சேர்ந்தது. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் நியாஸ் அகமது கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் ஆதார் நகல், பின்பக்கம் விளையாட்டுக்கு நான்கு கம்ப்யூட்டர். ‘மதிலூர்’ என்று ஒரு விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் ஒரே நாட்டுக்குள் நுழைந்து நடமாடலாம். நுழையும்போதே ஒரு வித்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள், நெருப்பு, மருத்துவம் என்று வரிசையாக இருக்க, கடைசியில் கேட்பாரற்றுக் கிடந்த மாயவித்தையை இவன் தொட்டான். தன் பெயரை ‘ஊடை’ என்று வைத்துக்கொண்டான். தறியில் குறுக்கே ஓடும் நூலுக்கு அதுதான் பெயர்.

“ஏலே, அதை வச்சு ஒருத்தனை ஒரு அடிகூட அடிக்க முடியாது. எதிரியோட கண்ணைக் கட்டலாம், காதைக் கட்டலாம், அவ்வளவுதான்” என்றார் நியாஸ்.

“அது போதும் பாய்.”

மாயவித்தை மெதுவாக ஏறும். முதலில் ஓசையடக்கம் என்ற மந்திரம். அதைப் போட்டுக்கொண்டால் உன் காலடிச் சத்தம் யாருக்கும் கேட்காது. உனக்கும் மற்றவர்கள் பேச்சு வராது. அந்த நாட்டில் ஆடு மேயும் இடமாகப் பார்த்து, மந்திரத்தைப் போட்டு, ஆட்டைச் சுற்றி நடக்க வேண்டும். ஆடு தலை தூக்காமல் மேய்ந்தால் உன் கணக்கில் ஒரு நூலிழை ஏறும்; இழைகள் சேரச் சேர நிலை உயரும், நூறாம் நிலைதான் உச்சம். சக்தி தீர்ந்துவிடும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி போட வேண்டும். இருபதாம் நிலையில் அடுத்தவருக்குத் தைரியம் கொடுக்கும் மந்திரம். ஐம்பதில் மறைவு: ஆளே தெரியாது, பட்டியலில் பெயர்கூட விளக்கணைந்து கிடக்கும். யாரையாவது தொட்டாலோ ஒரு வார்த்தை பேசினாலோ மறைவு கலைந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஏமாறுவதற்கு ஓர் உயிர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் ஆயிரம் முறை மறைந்தாலும் ஒன்றும் ஏறாது.

தறி முடிந்து மாலை ஏழு மணிக்குப் போவான், ஒன்பதுக்கு எழுந்திருப்பான். அங்கே அவன் கால் இழுக்கவில்லை. அதைப் பார்க்கவே பகவதி ஒரு நாள் கடைக்குப் போய், திரையில் நடக்கிறவனைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அங்கேதான் ‘பச்சிலை’ வந்தாள். ஓநாய்க் கூட்டத்தில் மாட்டியிருந்த இவனுக்கு மருந்து போட்டவள். ஒரு மாதம் சேர்ந்து சுற்றினார்கள். எந்த ஊர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் மின்சாரம் போனது. திரும்பி வந்து பார்த்தால், அவளும் அந்த நிமிடம்தான் உள்ளே வருகிறாள். அடுத்த வாரமும் அப்படியே.

“உங்க ஊர்லயும் கரண்ட் போச்சா?” என்று எழுதினாள்.

“சங்கரன்கோவில்ல போச்சு.”

“ஏ யப்பா! நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன்.”

அவள் பெயர் ஷெர்லி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜீவரத்தினத்தின் மகள். பி.எட் முடித்து, ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பதாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவள். நேரில் மூன்றே முறை பார்த்துக்கொண்டார்கள், மூன்றும் பேருந்து நிலையத்தில். முதல் முறை அவன் காலை மறைத்து நிற்கப் பார்த்தான். அன்று மாலை அவள் எழுதினாள்: “காலைத்தான் முதல்ல பார்த்தேன். செருப்பு புதுசு போல. நிறம் சகிக்கல.” அவன் கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தானாம். நியாஸ் பயந்து எழுந்து வந்தார்.

போனில் பேசுவதில்லை என்பது அவள் வைத்த கட்டுப்பாடு. அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்துப் பேச வேண்டாம், பேசுவதானால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பேசு என்றாள். அவன் அப்போது அறுபத்தொன்றாம் நிலையில் இருந்தான். “நூறு வந்ததும் கேட்க வாரேன்” என்று எழுதினான். நூறுக்கும் பெண் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒன்றும் இல்லை. வாய் திறக்க அவனுக்கு எப்போதும் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். அவள் சிரித்து, சரி என்றாள்.

ஆடி பிறந்தது. கோமதியம்மனுக்குக் கொடியேறியது. கொடியேற்றத்திலிருந்து, அம்மன் தவமிருந்து காட்சி பெறும் தபசு வரை பதினொரு நாள் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று. நேர்ந்துகொண்டவர்கள் கோவில் பிரகாரத்தை நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று சுற்றுவார்கள். பகவதி வருடா வருடம் நூற்றொன்று. இவனுக்கு அந்தக் கல்தரையில் பத்துச் சுற்று தாண்டாது. பத்தாவதில் பாதம் வீங்கிவிடும். அதனால் அவன் ஒரு காரியம் செய்தான். இவனைத் தவிர, எங்கள் ஊரைத் தவிர, வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

மதிலூரில் ஒரு பாழடைந்த கோவில் உண்டு. அவளும் இவனும் வழக்கமாகச் சந்திக்கும் இடம். அதை அந்தப் பதினொரு நாளில் ஆயிரத்தொரு முறை சுற்றுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். மறைவிலும் ஓசையடக்கத்திலும், ஒரு வார்த்தை பேசாமல். சுற்று முடியும்போது நூறும் வந்துவிட வேண்டும், அவளும் கிடைக்க வேண்டும்.

நியாஸ் தலையில் அடித்துக்கொண்டார். “அங்கன ஆடு மாடு ஒண்ணும் கிடையாதே, யாரை ஏமாத்தி ஏறும்?”

“அம்மன் ஏத்துவா.”

“அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது ஆரம்பிலே.”

“சொல்லிட்டுச் செஞ்சா நேர்ச்சையா பாய்? ஆடி மாசத்துல எவன் பொண்ணு பார்க்க வரப்போறான்? நமக்கு ஒரு மாசம் இருக்கு.”

ஆடியில் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள். எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற விஷயம். ஜீவரத்தினம் சார் வீட்டுக் காலண்டரில் ஆடி என்று ஒரு மாதமே கிடையாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நியாஸுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் வருடம் தவறாமல் வாங்கித் தின்றவர்கள்.

முதல் நாள் தொண்ணூற்றொரு சுற்று. பாதியில் பச்சிலை வந்தாள். கோவில் படியில் உட்கார்ந்தாள். இவன் அவளைச் சுற்றி, கோவிலைச் சுற்றி நடந்தான். அன்று மூன்று நிலை ஏறியது. இவனுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இரண்டாம் நாளும் வந்து உட்கார்ந்தாள், நான்கு நிலை. தினமும் வந்தாள். அவள் படியில் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டு போவது அவனுக்கு அத்தனை சந்தோஷம். தறிக்கூடத்தில் நூல் அறுந்தால்கூடச் சிரித்தான் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். “அம்மன் ஏத்துதா பார்த்தீயளா பாய்?” என்று நியாஸிடம் காட்டினான். நியாஸும் நம்பினார்.

பத்தாம் நாள் ஞாயிறு. தறி விடுமுறை. காலை பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டான். அவளும் அன்று காலையிலேயே வந்திருந்தாள். மூன்று மணிவரை படியைவிட்டு எழவில்லை. தொண்ணூற்றொன்பது வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுந்து போனாள்.

மறுநாள் தபசு. ஊரே கோவில் பக்கம் போய்விட்டது. அறுவடையில் கண்ட மிளகாயையும் பருத்தியையும் விவசாயிகள் அம்மன் சப்பரத்தின்மேல் மழையாய் வீசினார்கள். இவன் கடைப் பின்னறையில் சுற்றிக்கொண்டிருந்தான். அன்று படியில் யாரும் இல்லை. கணக்கு அசையவில்லை. தொண்ணூற்றொரு சுற்றிலும் ஒரு நூலிழை ஏறவில்லை. ஆயிரத்தொன்று முடிந்தபோதும் தொண்ணூற்றொன்பதுதான். என்ன குற்றம் செய்தேன் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தான். பிறகு மறைவைக் கலைத்தான், ஓசையடக்கத்தை எடுத்தான். பத்து நாளாக வராமல் நின்ற அவள் வார்த்தைகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தன.

“ஊடை, எங்க போயிட்ட? அவசரமாப் பேசணும்.”

“ராயகிரியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டு வந்திருக்காங்க. எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாது, தெரியும்லா?”

“அப்பாட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். திட்டல. ரெண்டு மணி நேரம் பைபிள் படிச்சுட்டு இருந்தாங்க. அப்புறம், அந்தப் பையன் வந்து என் முன்னால நின்னு கேட்கட்டும், பார்ப்போம்னாங்க.”

“ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வா. சாயங்காலம் அவங்களுக்குப் பதில் சொல்லணுமாம்.”

“தறி வாசலுக்கே வந்துரலாமான்னு பார்த்தேன். நான் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா, நீயா வந்ததா ஆகாதுல்லா. நீ வருவ.”

“மணி பதினொண்ணரை. அப்பா சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருக்காங்க.”

“ஒண்ணாச்சு. சாப்பிடாம இருக்காங்க. நீ வந்தா சேர்ந்து சாப்பிடலாம்னு.”

“சரிப்பா.”

நியாஸ் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “அப்ப அம்மன் இல்ல. அந்தப் பிள்ளை கண்ணை ஏமாத்தித்தான் ஏறியிருக்கு” என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னதற்கு இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை சிவகணேஷ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜீவரத்தினம் சார் வீட்டுக்குப் போனான். சார் கதவைத் திறந்ததும், உள்ளே வா என்று சொல்வதற்குள், நிறுத்தாமல் சொன்னான்.

“சார், நான் சிவகணேஷ். விசைத்தறியில வேலை பார்க்கேன். கால் கொஞ்சம் இழுக்கும். ஷெர்லியை எனக்குக் கட்டித் தரணும்னு கேட்க வந்திருக்கேன்.”

பிறந்ததிலிருந்து அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

“உட்காருங்க தம்பி. ஞாயித்துக்கிழமை ராத்திரி சம்மதம் சொல்லிட்டோமே.”

“ஒரு நேர்ச்சை சார். முடியுத வரைக்கும் பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன். நேத்துதான் முடிஞ்சுது.”

“நேர்ச்சையா? அதை ஒரு துண்டுத்தாள்ல எழுதி யார்ட்டயாவது குடுத்து விட்டிருந்தா, ஒரு நாள் என்ன, ஒரு மாசமே தள்ளி வச்சிருப்பனே தம்பி. வேண்டுதல்னா எனக்குத் தெரியாதா?” அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். “வர மாட்டீங்கன்னுதானே நினைச்சோம்.”

ஷெர்லி டீ கொண்டுவந்தாள். முகம் வீங்கியிருந்தது. டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க இருந்தே?”

“உன்னைச் சுத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பத்து நாளுமா?”

“பத்து நாளும்.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “நான் வாக்குக் குடுத்துட்டேன், கணேஷ். அந்த வீட்டு ஆளுங்க ஒரு தப்பும் பண்ணல. அவங்களை அவமானப்படுத்த என்னால முடியாது. டீயைக் குடி, ஆறுது.”

அவன் குடித்தான். சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவளே வாங்கிக்கொண்டாள்.

சார் வாசல் கேட் வரைக்கும் கூட வந்தார். ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம் சார். கிட்டத்தானே, போயிருவேன்.”

தெருமுனையில் அவன் திரும்பி மறைகிற வரைக்கும் சார் கேட்டைச் சாத்தவில்லை. இழுத்து இழுத்துப் போகிற அந்தக் காலுக்கு, அந்த ரெண்டு தெரு தூரம் வெகுநேரம் பிடித்தது.